அதிபர் முகம் பொறித்த வில்லை: நாணயமா, பதக்கமா, கடைச் சரக்கா?

அமெரிக்காவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி 20 நெருங்கும்போது, ஒரே மாதிரியான விளம்பரங்கள் இணையத்தில் கிளம்பும். வட்டமான ஒரு வில்லை. ஒரு பக்கம் பதவியேற்கும் அதிபரின் முகம், மறுபக்கம் கழுகு, சுற்றிலும் எழுத்து, மேலே தங்க நிறம். ஒருவர் அதை நாணயம் என்று விற்பார், இன்னொருவர் பதக்கம் என்பார், மூன்றாமவர் "அதிகாரபூர்வ வெளியீடு" என்று போட்டு விலையை நாலு மடங்காக்குவார். வாங்குகிறவருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும்.

மூன்றும் ஒன்றில்லை. குழப்பம் முழுவதும் 'அதிகாரபூர்வம்' என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான். அதை அவிழ்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். யார் அடித்தது, ஏன் அடித்தது, ஏன் ஒன்று கொள்ளை விலை போகிறது, இன்னொன்று ஏன் எடைக்குப் போகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

## முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம்

1. நாணயம். அரசு வெளியிடுவது. அதில் ஒரு மதிப்பு எழுதியிருக்கும்: ஒரு டாலர், அரை டாலர், இருபது டாலர். கடனைத் தீர்க்க அதைக் கொடுத்தால் சட்டப்படி செல்லும். நாணயத்தின் அடையாளமே அந்த மதிப்பும், அதற்குப் பின்னால் நிற்கும் சட்டமும்தான்.

2. பதக்கம். உலோகத்தில் அடித்த அல்லது வார்த்த ஒரு நினைவுச் சின்னம். அதில் பண மதிப்பு இருக்காது. தங்கத்திலேயே செய்திருந்தாலும் அதைக் கொண்டுபோய் ஒரு காப்பி வாங்க முடியாது. பதக்கம் என்றதும் நம் கண்ணுக்கு ரிப்பனோடு கழுத்தில் தொங்குவதுதான் வரும். பந்தயத்தில் ஜெயித்தவருக்கோ போர்வீரருக்கோ கொடுப்பது அது. இங்கே பேசுவது வேறு வகை. உள்ளங்கையில் வைத்துப் பார்க்க, மேசைமேல் வைக்க, பெட்டியில் பத்திரப்படுத்தச் செய்தது. யாரும் எதிலும் ஜெயித்ததற்காக அல்ல, ஒரு நாளை நினைவில் வைத்துக்கொள்வதற்காக.

3. நினைவுப் பொருள். மேலே சொன்ன இரண்டிலும் சேராத, யார் வேண்டுமானாலும் செய்து விற்கக்கூடிய சரக்கு. சாவிக்கொத்து, கோப்பை, சட்டைப் பொத்தான் வரிசையில் உலோக வில்லையும் ஒன்று. இதைச் செய்வதில் குற்றமில்லை. பதக்கம் என்று பெயர் வைப்பதிலும் குற்றமில்லை. 'அதிகாரபூர்வம்' என்ற சொல் ஒட்டிக்கொள்ளும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இன்னொரு வகையையும் தள்ளிவைத்துவிடலாம். அமெரிக்க நாணயச்சாலை ஒவ்வொரு அதிபருக்கும் ஒரு வெண்கலப் பதக்கம் என்று ஒரு வரிசையை விற்கிறது. இதன் வேர் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டிலும் அமெரிக்க அரசு பூர்வகுடித் தலைவர்களுக்கு 'சமாதானப் பதக்கம்' என்று வெள்ளிப் பதக்கங்களைக் கொடுத்துவந்தது. தாமஸ் ஜெபர்சன் காலத்துப் பதக்கத்தில் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் குலுக்கிய இரு கைகளும் 'சமாதானம், நட்பு' என்ற வாசகமும். ஆய்வுப் பயணிகளான லூயிஸ், கிளார்க் இருவரும் அமெரிக்காவின் மேற்கே பயணம் போனபோது இவற்றைக் கொண்டுபோனார்கள். அந்த வரிசைதான் பிற்பாடு நாணயச்சாலையின் அதிபர் பதக்க வரிசையாக வளர்ந்தது. அரசு செய்தது, அதிபர் முகம் உள்ளது, ஆனால் பதவியேற்புப் பதக்கம் கிடையாது. ஏலங்களில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

## 'அதிகாரபூர்வம்' என்றால் யாருடைய அதிகாரம்?

பதவியேற்பு நாள் என்பது உண்மையில் இரண்டு நிகழ்ச்சிகளின் தொகுப்பு. நடத்துகிறவர்களும் இரண்டு தரப்பு.

1. உறுதிமொழி. நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலில் நடப்பது. இதை நடத்துவது இரு அவைகளின் கூட்டுக் குழு. செலவு அரசுடையது.

2. மற்ற எல்லாம். ஊர்வலம், இசை, இரவு நடன விருந்துகள், அழைப்பிதழ்கள். இவற்றை நடத்துவது பதவியேற்பு விழாக் குழு. தேர்தலில் வென்றவர், பதவிக்கு வரும் முன்பே, தானே நியமிக்கும் குழு இது. சட்டத்தில் இதற்கு வரையறை இருக்கிறது. வாஷிங்டன் நகரில் இடமும் வசதியும் தருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பணம்? நன்கொடை, நுழைவுச்சீட்டு, நினைவுப் பொருள் விற்பனை என்று குழுவே திரட்டிக்கொள்ள வேண்டும்.

அதிகாரபூர்வப் பதவியேற்புப் பதக்கம் இந்த இரண்டாவது குழுவின் பிள்ளை. குழு ஒரு சிற்பியைத் தேர்ந்தெடுக்கிறது, ஒரு நிறுவனத்திடம் அடிக்கக் கொடுக்கிறது, விற்கிறது. அவ்வளவுதான். நாடாளுமன்றம் ஒப்புதல் தருவதில்லை, கருவூலம் கையெழுத்துப் போடுவதில்லை. ஆக, 'அதிகாரபூர்வம்' என்பதற்கு அரசாங்கம் வெளியிட்டது என்று அர்த்தமில்லை. விழாக் குழு சொல்லிச் செய்தது என்று அர்த்தம். விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் விளக்காமல் விடுகிறார்கள்.

குழு தற்காலிகமானது. விழா முடிந்து கணக்கு முடித்ததும் கலைந்துவிடும். 200 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுத்த நன்கொடையாளர் பட்டியலை விழாவுக்குப் பின் 90 நாளுக்குள் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. பதக்கத்துக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை.

## பணத்தில் வராத முகம் பதக்கத்தில் வருவது எப்படி?

உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தைப் பணத்தில் போடுவதில் அமெரிக்கர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கூச்சம் உண்டு. அது மன்னராட்சி வழக்கம் என்பது அவர்கள் எண்ணம். ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலேயே நாணயத்தில் அதிபர் முகத்துக்குப் பதில் சுதந்திர தேவியின் உருவம் என்று முடிவானது.

காகிதப் பணத்தில் இது சட்டமானதற்குக் காரணம் ஒரு வேடிக்கையான சம்பவம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்து, சென்ட் கணக்கில் சிறு நோட்டுகள் அச்சடித்தார்கள். அந்த அச்சுப் பணிக்குப் பொறுப்பாக இருந்த ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி ஐந்து சென்ட் நோட்டில் தன் படத்தையே போட்டுவிட்டார். நாடாளுமன்றம் கொதித்தது. 1866-இல் உயிரோடிருப்பவர் படம் நோட்டில் கூடாது என்று சட்டம் வந்தது.

நாணயத்தில் அவ்வளவு கறாராக இல்லை. 1926-இல், விடுதலையின் 150-ஆம் ஆண்டு நினைவு அரை டாலரில் வாஷிங்டனோடு அப்போது பதவியில் இருந்த கால்வின் கூலிட்ஜின் முகமும் சேர்ந்து வந்தது. ஆனால் 2005-இல் அதிபர்கள் வரிசை ஒரு டாலர் நாணயத்துக்குச் சட்டம் இயற்றியபோது, இறந்து இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதனால்தான் 2016-இல் அந்த வரிசை ரொனால்ட் ரீகனோடு நின்றபோது, அவருக்கு முன் பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டர் அதில் இல்லை. அவர் அப்போது உயிரோடிருந்தார்.

பதக்கத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது பணமல்ல, எனவே பணத்துக்கான விதிகள் அதைத் தொடாது. பதவியில் இருக்கும் அதிபரின் முகத்தைப் புடைப்புச் சிற்பமாக உலோகத்தில் வைக்க அமெரிக்காவில் இயல்பான இடம் இதுதான். நல்ல சிற்பிகள் இதன் பக்கம் வந்ததற்கும் அது ஒரு காரணம்.

## பொத்தானில் தொடங்கி

வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் உறுதிமொழி எடுத்தார். அந்தச் சமயத்தில் மக்கள் வாங்கி அணிந்தது பதக்கமல்ல, கோட்டுப் பொத்தான்! செம்பிலும் பித்தளையிலும் செய்து, அவர் பெயரின் முதலெழுத்துகளையும் 'அதிபர் நீடு வாழ்க' என்ற வாசகத்தையும் பொறித்திருந்தார்கள். மன்னனுக்குப் போடும் கோஷத்தையே அதிபருக்கும் போட்டிருக்கிறார்கள். வேறு கோஷம் அப்போது கைவசம் இல்லை போலிருக்கிறது.

1801-இல் ஜெபர்சன் பதவிக்கு வந்ததை ஒட்டி ஜான் ரைக் என்ற செதுக்குக் கலைஞர் ஒரு பதக்கம் செய்தார். ஜெர்மன் பகுதியிலிருந்து குடியேறியவர். பிறகு நாணயச்சாலையிலும் வேலை பார்த்தார். வேலைப்பாட்டில் இது நல்ல பதக்கம். ஆனால் எந்த விழாக் குழுவும் கேட்டுச் செய்ததல்ல. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு இப்படியே போனது: கைவினைஞர்களும் வியாபாரிகளும் தங்கள் பாட்டுக்குச் செய்தார்கள், விற்றார்கள்.

குழுவே கேட்டுச் செய்த முதல் பதக்கம் என்று சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வது 1901-இல் வில்லியம் மெக்கின்லியின் இரண்டாம் பதவியேற்புக்கு வந்தது. பிலடெல்பியாவின் ஜோசப் கே. டேவிசன்ஸ் சன்ஸ் நிறுவனம் அடித்தது. அதே செப்டம்பரில் பஃபலோ நகரில் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார்.

## 1905: பிடிக்காத ஒரு பதக்கத்தின் விளைவு

இந்தக் கதையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

மெக்கின்லி இறந்து பதவிக்கு வந்த தியடோர் ரூஸ்வெல்ட், 1904 தேர்தலில் சொந்தமாக வென்றார். 1905 மார்ச் 4 விழாவுக்கு வழக்கம்போல் ஒரு பதக்கம் தயாரானது. ரூஸ்வெல்ட்டுக்கு அது சகிக்கவில்லை. கலை விஷயத்தில் அவருக்குத் திட்டவட்டமான ரசனை உண்டு. அமெரிக்க நாணயங்களே அவலட்சணமாக இருக்கின்றன என்று 1904 டிசம்பரில் கருவூலச் செயலருக்குக் கடிதம் எழுதியவர் அவர்.

அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் அப்போது அமெரிக்காவின் தலைசிறந்த சிற்பி. ரூஸ்வெல்ட் அவரைப் பிடித்தார். அவருக்கோ உடல்நலம் சரியில்லை, வேலையும் மலைபோல் கிடந்தது. கடைசியில் ஓர் ஏற்பாடு: வடிவமைப்பு செயின்ட்-காடன்ஸ் செய்வார், மண்ணில் வடிப்பது அவரிடம் வேலை கற்ற அடால்ஃப் வைன்மன். வெண்கலத்தில் வார்த்தது டிஃபனி நிறுவனம். நூற்றுச் சொச்சம் பதக்கங்கள்தான். விழா முடிந்து சில மாதங்கள் கழித்தே வந்து சேர்ந்தன. விழாவுக்கு உதவாத பதக்கம், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றோடு வைத்துப் பார்த்தால் அதன் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

கையில் எடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ரூஸ்வெல்ட்டின் பக்கவாட்டு முகம். அலங்காரம், கொடி, இலைக்கொத்து எதுவும் கிடையாது. வெறும் தளம், அதில் எழும்பி நிற்கும் முகம். எழுத்துகள் பழைய ரோமானியக் கல்வெட்டு பாணியில். 'அவரவர்க்கு உரிய நியாயம்' என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது. 'எல்லோருக்கும் நேர்மையான நடத்தை' என்ற ரூஸ்வெல்ட்டின் அரசியல் முழக்கத்தைத்தான் லத்தீனில் மாற்றியிருக்கிறார்கள். மறுபக்கம் பாறைமேல் நிமிர்ந்து நிற்கும் கழுகு. அதுவரை அமெரிக்க நாணயங்களில் கழுகு சிறகை விரித்து, கேடயத்தை மார்பில் மாட்டி, முத்திரை மாதிரி இருக்கும். இது உண்மையான பறவை மாதிரி நிற்கிறது.

இதன் விளைவுகள்:

1. ரூஸ்வெல்ட் உற்சாகமாகி, நாணயங்களையே மாற்றித் தரும்படி செயின்ட்-காடன்ஸிடம் கேட்டார். நாணயச்சாலையின் தலைமைச் செதுக்காளர் சார்லஸ் பார்பருக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை.

2. 1907-இல் வந்த பத்து டாலர் தங்க நாணயத்தின் கழுகு, இந்தப் பதக்கத்தின் கழுகிலிருந்து பிறந்ததுதான்.

3. அதே ஆண்டின் இருபது டாலர் தங்க நாணயத்தை செயின்ட்-காடன்ஸ் பதக்கம் போலவே உயர்ந்த புடைப்போடு வடித்தார். அங்கேதான் முட்டுக்கட்டை. ஒரே அடியில் உருவம் முழுதாக விழவில்லை. ஒவ்வொன்றையும் பல தடவை அடிக்க வேண்டியிருந்தது. வங்கியில் அடுக்கி வைக்கவும் தோதில்லை. கடைசியில் புடைப்பைத் தட்டையாக்கித்தான் புழக்கத்துக்கு விட்டார்கள். செயின்ட்-காடன்ஸ் அந்த ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார்.

நாணயம் வேறு, பதக்கம் வேறு என்பதை எந்த வரையறையையும்விடத் தெளிவாகக் காட்டுவது இந்த மூன்றாவது விஷயம்தான். நாணயச்சாலை நாணயத்தை லட்சக்கணக்கில் அடிக்க வேண்டும், ஒரு அடிக்கு ஒரு காசு. பதக்கம் செய்கிறவருக்கு அந்த அவசரமில்லை.

## பதக்கம் உருவாகும் விதம்

1905 பதக்கம் வார்ப்பு. அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் அச்சில் அடித்தவை. வேலை இப்படிப் போகும்:

1. சிற்பி முதலில் களிமண்ணில் செய்வார். பதக்கத்தின் அளவில் இல்லை, அதைப்போலப் பல மடங்கு பெரிதாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. முகத்தின் சுருக்கம், கண்ணிமை, காது மடல் எல்லாம் அந்த அளவில்தான் கைக்கு அடங்கும்.

2. அதிலிருந்து பிளாஸ்டர் பிரதி. எழுத்துகளைக் கூர்மையாக்குவது இந்தக் கட்டத்தில். பிறகு தேயாத கடினமான பொருளில் ஒரு பிரதி.

3. அடுத்து குறைப்பு எந்திரம். பாரிஸில் உருவான ஜான்வியே எந்திரம் இதில் பேர்போனது. ஒரு முனையில் மழுங்கிய ஊசி, பெரிய உருவத்தின் மேடு பள்ளங்களை வருடிக்கொண்டே நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிவரும். மறுமுனையில் சுழலும் வெட்டூசி, அதே அசைவைச் சிறிதாக்கி எஃகில் செதுக்கும். ஒரு பக்கத்துக்கே பல மணி நேரம் பிடிக்கும். கைச் செதுக்கல் தெரியாத சிற்பியும் பதக்கம் செய்ய முடிந்தது இந்த எந்திரத்தால்தான். இப்போது இந்த வேலையைக் கணினி செய்கிறது.

4. எஃகு அச்சைச் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெண்கலத் தகட்டை வைத்து அழுத்துவார்கள். முதல் அடியில் உருவம் பாதிதான் எழும்பும். அடி வாங்கிய உலோகம் இறுகிவிடும். மேலும் அடித்தால் அச்சு உடையும். அதனால் தகட்டை உலையில் வைத்து இளக்கி, மறுபடியும் அடிப்பார்கள். புடைப்பு எவ்வளவு உயரமோ அத்தனை தடவை.

5. கடைசியில் நிறம். புதிதாக அடித்த வெண்கலம் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பில் முகமே தெரியாது. ரசாயனத்தில் முக்கி முழுவதையும் கருமையாக்கி, பிறகு மேடுகளை மட்டும் தேய்த்து எடுப்பார்கள். பள்ளத்தில் கருமை தங்கும், மூக்கு நுனியிலும் கன்னத்திலும் வெளிச்சம் விழும். பழைய பதக்கத்தைப் பாலிஷ் போட்டுத் துலக்கி வைக்கிறவர்கள் அழிப்பது இந்த வேலையைத்தான். விலையும் அதோடு போய்விடும்.

## அடித்துக் கொடுத்தவர்கள்

1930களிலும் 40களிலும் சில பதக்கங்களைப் பிலடெல்பியாவில் உள்ள அமெரிக்க நாணயச்சாலையே குழுவுக்காக அடித்துக் கொடுத்தது. குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். அரசு நாணயச்சாலையில் அடித்ததால் அரசு வெளியீடு என்று நினைத்துவிடுகிறோம். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தால் கல்யாணம் அச்சகத்துக்காரருடையதா? நாணயச்சாலை இங்கே வேலைக்காரர், வீட்டுக்காரர் குழுதான்.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு மட்டும் 1933, 1937, 1941, 1945 என்று நான்கு பதக்கங்கள். 1937-ஐச் செய்த ஜான் சின்னாக் நாணயச்சாலையின் தலைமைச் செதுக்காளர். ரூஸ்வெல்ட் இறந்த பிறகு 1946-இல் வந்த பத்து சென்ட் நாணயத்தில் அவர் முகத்தை வடித்தவரும் இவரே.

1953-இல் டுவைட் ஐசனோவர் பதவியேற்றபோது வேலை தனியார் கையில் இருந்தது. நியூயார்க்கில் ஹென்றி வெயில், பெலிக்ஸ் வெயில் என்ற சகோதரர்கள் வளர்த்த மெடாலிக் ஆர்ட் நிறுவனம் அடித்தது. சிற்பி வாக்கர் ஹான்காக். 1961-இல் ஜான் கென்னடிக்கும் அதே நிறுவனம். வடித்தவர் பால் மேன்ஷிப், நியூயார்க் ராக்பெல்லர் சென்டரில் தங்க நிறத்தில் பறப்பது போல இருக்கும் புரோமிதியஸ் சிலையைச் செய்தவர்.

1970களில் பிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம் நுழைந்தது. பெயரைப் பார்த்தால் அரசு நாணயச்சாலை போலிருக்கும், ஆனால் 1964-இல் தொடங்கிய வியாபார நிறுவனம். தபால் வழியாக வெள்ளிப் பதக்கங்களை வரிசை வரிசையாக விற்றது. 1973-இல் ரிச்சர்ட் நிக்சனின் இரண்டாம் பதவியேற்புப் பதக்கம் இவர்களுடையது. கென்னடி அரை டாலரின் முகத்தை வடித்த கில்ராய் ராபர்ட்ஸ் செய்தது. அதில் நிக்சனும் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூவும் ஒருவர் பின்னால் ஒருவராகத் தெரிவார்கள். ஆக்னியூ அந்த அக்டோபரில் ராஜினாமா செய்தார், நிக்சன் அடுத்த ஆகஸ்டில். பதக்கத்தில் இருக்கும் இருவருமே பதவிக்காலத்தை முடிக்கவில்லை.

2009-இல் பராக் ஒபாமாவுக்கு மார்க் மெலன் வடித்தார்; விஸ்கான்சின் மாநிலத்தின் மெடல்கிராஃப்ட் மின்ட் அடித்தது. மெடாலிக் ஆர்ட் பல கைகள் மாறி, கடைசியில் அதை வாங்கியிருந்த நிறுவனம் 2016-இல் திவாலானது. அதன் பழைய ஆவணங்களும் அச்சுகளும் இப்போது அமெரிக்க நாணயவியல் சங்கத்திடம் இருக்கின்றன.

## விலை எதில் நிற்கிறது?

அதிபர் எவ்வளவு புகழ்பெற்றவரோ அவ்வளவு விலை என்று தோன்றும். நிலவரம் ஏறக்குறைய தலைகீழ்.

1. எண்ணிக்கை. வாரன் ஹார்டிங்கும் கூலிட்ஜும் அதிபர்கள் வரிசையில் பலருக்கு நினைவுக்கு வராத பெயர்கள். அவர்களுடைய 1921, 1925 பதக்கங்கள்தான் இந்த வரிசையிலேயே கிடைப்பதற்கு மிக அரியவை. மிகக் குறைவாகத்தான் அடித்தார்கள். கென்னடி, ரீகன் பதக்கங்கள் ஆயிரக்கணக்கில் வெளியானவை. பெயர் பெரிது, விலை சாதாரணம்.

2. உலோகம். வெள்ளிப் பதக்கத்துக்கு எடைதான் அடித்தளம். தங்கம், வெள்ளியை எடைபோடும் அளவான டிராய் அவுன்ஸ் ஒன்று 31.1 கிராம். விலை ஏறினால் பதக்கமாக வைத்திருப்பதைவிட உருக்குவது லாபமாகிவிடும். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரைத் தொட்டபோது தனியார் நிறுவனங்களின் வெள்ளிப் பதக்கங்கள் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. தங்க முலாமுக்கு இந்தக் கணக்குக்கூடப் பொருந்தாது. அதிலுள்ள தங்கம் சுரண்டி எடுக்கும் கூலிக்கே காணாது.

3. சிற்பி. 1905 பதக்கத்தை வாங்குகிறவர்களில் பலர் ரூஸ்வெல்ட்டுக்காக வாங்குவதில்லை, செயின்ட்-காடன்ஸுக்காக வாங்குகிறார்கள்.

குழுவுக்கும் இது ஒரு காலத்தில் உருப்படியான வருமானம். இப்போது நன்கொடையின் அளவே வேறு. 2017-இல் டொனால்ட் டிரம்ப்பின் குழு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதன் பக்கத்தில் பதக்க விற்பனை தூசுக்குச் சமம். பதக்கத்தின் மீது குழுக்கள் காட்டும் அக்கறை குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே படுகிறது.

## ஒன்று கையில் கிடைத்தால்

முகத்தைக் கடைசியில் பாருங்கள். இந்த வரிசையில் போனால் ஏமாற வாய்ப்பு குறைவு:

1. தேதி. பதவியேற்பு, வாஷிங்டனின் முதல் பதவியேற்பைத் தவிர, 1933 வரை வழக்கமாக மார்ச் 4. அந்த ஆண்டு ஏற்பான அரசியல் சட்டத்தின் 20-ஆம் திருத்தத்தால் 1937 முதல் ஜனவரி 20. கூலிட்ஜ் பதக்கத்தில் ஜனவரி தேதி இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம். கென்னடி முகம் இருந்து 1961 ஜனவரி 20 பற்றி ஒன்றும் இல்லையென்றால், அது 1963-இல் அவர் கொல்லப்பட்ட பிறகு வந்த எண்ணற்ற நினைவுப் பதக்கங்களில் ஒன்றாக இருக்கலாம்.

2. பண மதிப்பு. 'ஒரு டாலர்' என்று எழுதியிருந்தால் அது பதக்கமல்ல. அரசு நாணயம், அல்லது மோசடி.

3. விளிம்பு. ஒழுங்கான பதக்கத்தின் விளிம்பில் நாணயத்தில் இருப்பது போன்ற வரிகள் இருக்காது, கடைந்து வழவழப்பாக்கியிருப்பார்கள். அங்கேதான் அடித்த நிறுவனத்தின் பெயர், வெள்ளியின் தூய்மை, சிலவற்றில் வரிசை எண் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நல்ல வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் வேண்டும்.

4. சிற்பியின் பெயர். தோளின் கீழோ கழுத்து வெட்டின் ஓரத்திலோ முதலெழுத்துகளாவது இருக்கும்.

5. 'பிரதி' முத்திரை. 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய நாணயம், பதக்கம் போன்றவற்றின் நகல்களில் அது நகல் என்ற சொல்லைப் பொறிக்க வேண்டும். அந்தச் சொல்லை ராவி எடுத்த இடத்தில் தளம் லேசாகக் குழிந்திருக்கும். விரலுக்குத் தெரியாது; சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும்.

## விழாவே இல்லாத பதவியேற்பு

எல்லா அதிபருக்கும் பதக்கம் உண்டா என்ற கேள்வியோடு தொடக்கத்தில் சொன்னது சரியாக வந்து பொருந்துகிறது. பதக்கம் குழுவுடையது, குழு விழாவுடையது. அப்படியானால் விழா இல்லாதபோது?

1901 செப்டம்பரில் தியடோர் ரூஸ்வெல்ட் பஃபலோவில் ஒரு நண்பர் வீட்டில் உறுதிமொழி எடுத்தார். 1923 ஆகஸ்ட் 3 அதிகாலை 2.47-க்கு, வெர்மான்ட் மாநிலத்தில் தன் அப்பா வீட்டுக் கூடத்தில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கூலிட்ஜ் எடுத்தார். செய்துவைத்தவர் நோட்டரியாக இருந்த அவருடைய அப்பாவே. 1963 நவம்பர் 22 அன்று லிண்டன் ஜான்சன் டல்லாஸ் விமான நிலையத்தில் நின்ற விமானத்துக்குள் எடுத்தார். இவர்களுக்கெல்லாம் அந்த நாளுக்கென்று குழுவும் இல்லை, பதக்கமும் இல்லை. அடுத்த தேர்தலில் வென்று, குழு அமைத்து, ஊர்வலம் போனபோதுதான் வந்தது.

1974 ஆகஸ்ட் 9 அன்று ஜெரால்ட் போர்டுக்கும் நிலைமை அதேதான். நிக்சன் ராஜினாமா, வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் சுருக்கமாக ஓர் உறுதிமொழி; குழுவும் இல்லை, ஊர்வலமும் இல்லை. 1976 தேர்தலில் அவர் தோற்றும் போனார். ஆனால் அதற்குள் வரிசையை விடாமல் வாங்கும் சேகரிப்பாளர் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. போர்டுக்குப் பதக்கம் வந்தது.